இராயப்பருக்கு ஒரு நாற்காலி

நாற்காலியோடு பயணம் போகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. எந்த ஊரில் போய் நின்றாலும் பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்துவிடும். ஒரு சங்கடமும் உண்டு. ஊரெல்லாம் உட்காரும், அவன் மட்டும் நிற்க வேண்டியிருக்கும். பெங்களூரிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் என் அக்கா ஊருக்கு ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது இரண்டையும் அனுபவித்தேன்.

பெங்களூரில் சந்தைக்கு அருகே எனக்கு ஒரு டீக்கடை. பள்ளிக்கூடத்தில் நான் கற்றது கொஞ்சம். மிச்சத்தைக் கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறவர்களிடம் கற்றுக்கொண்டேன். அவர்களில் ஒருவர் தர்மபுரிப் பக்கத்திலிருந்து புளி ஏற்றி வருகிற லாரிக்காரர். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் பாதி போனபோது அவர் வந்து, "உங்க மாமா ஒரு நாற்காலி கேட்டாருங்க. கை வச்சதா, முதுகு ஒசந்ததா, பாத்தா நாலு பேர் எந்திரிக்கற மாதிரி இருக்கோணுமாம். பெரிய வியாழனுக்குள்ள நீங்களே நேர்ல கொண்டாரச் சொன்னாரு" என்றார்.

"உங்க லாரியிலயே போட்டு அனுப்பட்டுங்களா?"

"நானும் அதத்தான் கேட்டன். புளி வாசன ஏறிடும்னுட்டாரு."

மாமா என்றால் அக்காவின் கணவர் சவரிமுத்து. அவருடைய ஊர் சித்தேரி மலைக்குக் கீழே இருக்கிறது. பாதிப் பேர் கத்தோலிக்கர், பாதிப் பேர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். விளைவது எல்லோருக்கும் ராகியும் நிலக்கடலையும்தான். மாமா ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் யாருக்கும் நாற்காலி கிடையாது. பணக்காரர், ஏழை எல்லோரும் தரையில்தான் உட்கார வேண்டும். எந்தத் தரை என்பதில்தான் வித்தியாசம். மேலத்தெருக்காரர்களுக்கு நடுக்கோயில். கீழத்தெருக்காரர்களுக்குப் பக்கவாட்டில் இறக்கிய ஒரு தாழ்வாரம், அதற்குத் தனி வாசல். "வேதத்துல சேத்தப்ப எல்லார் தலையிலயும் ஒரே தண்ணியத்தான் ஊத்துனாங்க. தெரு மட்டும் நனையல" என்பார் லாரிக்காரர்.

வருஷத்தில் ஒரே ஒரு நாள், பெரிய வெள்ளிக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை, அந்தக் கோயிலில் பன்னிரண்டு நாற்காலிகள் போடுவார்கள். இயேசுநாதர் தம் சீடர்களின் பாதங்களைக் கழுவினார் அல்லவா, அதுபோலச் சாமியார் இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு பன்னிரண்டு பேர் பாதங்களைக் கழுவுவார். எல்லாக் கோயில்களிலும் உள்ள சடங்குதான். ஆனால் மாமா ஊரில் ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு சீடர் பெயர் உண்டு. ஒவ்வொரு பெயரும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். அப்பனுக்குப் பின் மகன் உட்காருவான். முதல் நாற்காலி இராயப்பருடையது. பேதுருவை எங்கள் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மோட்சத்துச் சாவி வைத்திருக்கிறவர் என்பதால் அவருக்கு முதலிடம்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து வந்த பெரியவர் போன மழைக்காலத்தில் வாரிசில்லாமல் இறந்துபோனார். இரண்டாம் நாற்காலிக்காரர் மரியசூசையும் மூன்றாம் நாற்காலிக்காரரான என் மாமாவும் அதற்குப் போட்டி போட்டார்கள். இருவரும் பங்காளிகள் வேறு. கிறிஸ்துமஸில் தொடங்கிய பஞ்சாயத்து தவக்காலத்தில்தான் முடிந்தது. மாமாவின் தாத்தா சுமந்த கல்லில்தான் பீடம் நிற்கிறது என்று யாரோ சாட்சி சொன்னதில் மாமா ஜெயித்தார். ஆண்டவர் மண்டியிட்டுக் காலைக் கழுவ வருகிற அந்த நேரத்தில் தாம் எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருக்கு முக்கியமாகிவிட்டது. அதற்குத்தான் இந்தப் பெங்களூர் நாற்காலி.

செவ்வாய்க்கிழமை புறப்பட்டேன். சாக்கில் சுற்றிய நாற்காலியைப் பஸ்ஸின் மேலே கவிழ்த்துக் கட்டினார்கள். மாநில எல்லையில் அரிசி கடத்தல் சோதனை. அங்கிருந்த அதிகாரி சாக்கைப் பிரிக்கச் சொன்னார். உள்ளே அரிசி இல்லை என்றதும் கொஞ்சம் ஏமாற்றம்தான். இந்தக் குர்ச்சி யாருக்கு என்று கன்னடத்தில் கேட்டார்.

இராயப்பருக்கு என்றேன்.

அவர் எந்த இலாகா ஆபீசர் என்றார்.

மோட்ச வாசலில் சோதனை போடுகிறவர் என்றேன். நம்ம இலாகாதான் என்று சந்தோஷப்பட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, இரு கைகளையும் நீட்டி வைத்துப் பார்த்தார். பின்னால் நின்ற பஸ்களெல்லாம் ஹாரன் அடித்த பிறகுதான் எழுந்தார்.

தர்மபுரியில் இறங்கிப் பஸ் மாறினேன். நிலையத்துக்கு எதிரே ஓட்டலில் களி கிடைத்தது. பெங்களூரில் இதையே முத்தே என்று சொல்லி, மென்றுவிடாதே, அப்படியே விழுங்கு என்பார்கள். இங்கே பரிமாறின அம்மாள், "என்னாத்துக்கு அவசரம், கடிச்சித் தின்னுங்க, களி எங்கியும் ஓடாது" என்றாள். கூடவே கொள்ளுப் பருப்புக் கடைசல் ஊற்றினாள். நான் விழுங்கிவிட்டுப் பஸ்ஸைப் பிடித்தேன்.

அந்தப் பஸ் பாதி வழியில் டயர் வெடித்து நின்றது. சாலையின் இருபுறமும் புளிய மரங்கள். ஆட்கள் புளி உலுக்கிக்கொண்டிருந்தார்கள். பயணிகளெல்லாம் இறங்கினோம். டயரை எடுக்க மேலே ஏறின கண்டக்டர், இடைஞ்சலாக இருக்கிறதென்று நாற்காலியையும் இறக்கி மர நிழலில் வைத்தார்.

வைத்ததும் டிரைவர் வந்து அதில் உட்கார்ந்தார். டயர் மாட்டக் கூப்பிட்டபோது எழுந்தார். உடனே ஒரு மணியக்காரர் உட்கார்ந்தார். அவர் ஒதுங்கப் போன நேரத்தில் மணியக்காரரின் மைத்துனர். ஒரு கர்ப்பிணிப் பெண் புளிய மரத்து வேரில் உட்கார்ந்திருந்தாள். அவளை அழைத்து உட்கார வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் சொன்னபோது, "அவங்க ஆம்பளைங்க உக்காந்த நாற்காலிங்க" என்று அவளே மறுத்துவிட்டாள். நடுரோட்டில் நின்றுபோன ஒரு பஸ் கூட்டத்துக்குள் இத்தனை சீக்கிரம் முதல் மரியாதை முறை ஏற்பட்டதைப் பார்த்து நான் மலைத்துப்போனேன். மரத்தில் சாய்ந்து நின்றபடிதான் மலைத்தேன்.

பக்கத்தில் உருமாலை கட்டிய ஒருவர் நின்றார். பெயர் முனுசாமி. மாமாவுக்குத் தெரிந்தவர், அடுத்த ஊரில் மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா. நாற்காலியின் கதையை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"எங்க கோயில்லயும் இதே சண்டதானுங்க. பரிவட்டம் யாருக்கு மொதல்ல கட்டறதுன்னு போன வருசம் தேரே நின்னு போச்சு. ஆனா நாங்க சாமி கால்ல மொதல்ல யாரு வுழறதுன்னு சண்ட போடறோம். உங்க சாமி உங்க கால்ல வந்து வுழறாரு. அதுக்கும் சண்டயா?"

"விழறதில்லீங்க. கழுவறாரு."

"நின்னுக்கிட்டேங்களா கழுவறாரு?"

டயர் மாட்டியாயிற்று என்று கண்டக்டர் விசில் ஊதினார். பஸ்தான் என்னைக் காப்பாற்றியது.

இருட்டுகிற நேரத்தில் ஊர் போய்ச் சேர்ந்தேன். மாமா சாக்கைப் பிரித்து, நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தார். தேக்கு முதுகு, பிரம்பு பின்னிய இருக்கை, முன்னால் சுருண்ட கைகள். "வியாழக்கெழம வரைக்கும் இதுல ஒருத்தரும் உக்காரக் கூடாது. மொதல்ல நாந்தான்" என்றார். அதிகாரி, டிரைவர், மணியக்காரர், மைத்துனர் யாரைப் பற்றியும் நான் வாய் திறக்கவில்லை.

புதன்கிழமை காலையில் கிணற்றடியில் ஒரே சத்தம். மாமா தம் கால்களைக் கழுவிக்கொண்டிருந்தார். காய்ந்த பீர்க்கங்காய் நாரால் தேய்த்து, கல்லில் குதிகாலை உரசி, விரலிடுக்கில் சோப்புப் போட்டு, அக்கா தண்ணீர் ஊற்ற ஊற்றக் கழுவினார். மேலத்தெரு முழுக்க அன்றைக்கு இதே வேலையாம். மரியசூசை வீட்டில் மஞ்சள் கூடப் போடுகிறார்கள் என்றாள் அக்கா.

"நாளைக்குத்தான் சாமியார் கழுவப் போறாரே, இது என்னாத்துக்குங்க மாமா?"

"அழுக்குக் கால நீட்டுனா மரியாதயா இருக்குமா மாப்ள?"

"அப்ப அவரு எதக் கழுவுவாரு?" என்றாள் அக்கா. சொம்பு காலியாகிவிட்டது என்று உள்ளே போய்விட்டாள்.

அன்று மத்தியானம் நாற்காலிக்காரர்கள் மாமா வீட்டு வாசல் வேப்ப மரத்தடியில் கூடினார்கள். மரியசூசை பெங்களூர் நாற்காலியைப் பார்த்த பார்வையில் அதன் வார்னிஷ் உரியாமல் இருந்தது ஆச்சரியம். "இராயப்பரு வல போட்டு மீன் புடிச்சவரு. அவருக்குக் கை வச்ச நாற்காலின்னு எந்த வேதத்துல எழுதியிருக்குது? மத்தது எல்லாம் கை இல்லாத நாற்காலி. கைய அறுத்துட்டுக் கொண்டாரச் சொல்லுங்க" என்றார்.

மாமா ரம்பம் இருக்கிற திசையைக்கூடப் பார்க்க மறுத்துவிட்டார். வெகு நேரம் பேசினார்கள். கடைசியில் தீர்ப்பு ஆயிற்று. நாற்காலிக்குக் கை இருக்கலாம், ஆனால் உட்காருகிறவர் அதன்மேல் கை வைக்கக் கூடாது. கைகளை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இரு தரப்புக்கும் திருப்தி. எங்கள் மைசூர் சட்டசபையில்கூட இப்படியொரு தீர்மானம் நிறைவேறியதாக நான் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் சின்னப்பன் வந்து மரத்தடிக்குக் கொஞ்சம் தள்ளி நின்றார். கோயில் மணி அடிக்கிறவர், கல்லறைக் குழி வெட்டுகிறவர், கீழத்தெருக்காரர். பன்னிரண்டாம் நாற்காலியில் உட்காருகிறவரும் அவர்தான். அது எந்தச் சீடருடையது என்று சொல்லத் தேவையில்லை. காட்டிக்கொடுத்த யூதாஸின் நாற்காலியில் உட்கார மேலத்தெருவில் யாரும் சம்மதிக்கவில்லை. அதனால் அந்தக் காலத்திலேயே அதைச் சின்னப்பனின் தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். வெளியூர்க்காரர்களிடம் பேசும்போது, "கீழத்தெருவுக்கும் ஒரு நாற்காலி குடுத்திருக்கறோம்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

"பெரியவங்க மன்னிக்கோணும்" என்றார் சின்னப்பன். "மணி அடிக்கறன், குழி வெட்டறன். அந்த நாற்காலில மட்டும் நான் இனி உக்கார மாட்டன்."

"ஏண்டா, ஒரு சாயங்காலம் உக்காந்து எந்திரிக்கறதுல உனக்கு என்னா தேஞ்சு போவுது?" என்றார் மரியசூசை.

"எனக்கு ஒன்னும் தேயிலீங்க. எம்மவளுக்குத்தான்."

அவருடைய மகள் லூர்துவுக்குப் போன மாதம் அரூர்ப் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். பஸ் நிறுத்தத்துப் பெட்டிக் கடையில் இறங்கி, சின்னப்பன் வீடு எது என்று கேட்டார்களாம். கடைக்காரர், "யூதாஸ் வூடா? கோயிலுக்குப் பின்னால போங்க" என்று சொன்னாராம். ஊரில் எல்லோருக்கும் அதுதான் பெயர். கிணற்றில், கடலை பிடுங்கும் காட்டில், எங்கேயும் அவள் யூதாஸ் மகள்தான். வந்தவர்கள் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்கள்.

"வூட்டுக்கு இருக்கற பேர நான் மாத்தியே ஆவோணும். எம்பொண்ணு என்னாத்தக் காட்டிக் குடுத்தா?" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். அவர் குடும்பத்தில் மேலத்தெருவுக்கு முதுகைக் காட்டிய முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும்.

மரத்தடியில் கலவரம். பதினொரு பேர் கால்கள் பளபளவென்று தயார். யூதாஸ் இல்லாமல் சடங்கு நடக்காது. யார் உட்காருவது? ஒவ்வொருவரும் அடுத்தவருடைய தகுதியைப் புகழ்ந்தார்கள். அதுவரை ஒரு நாற்காலிக்காக ஒருவரையொருவர் கடித்துக் குதறியவர்கள், இன்னொரு நாற்காலியை என்ன தாராளமாக விட்டுக் கொடுத்தார்கள் என்கிறீர்கள்.

மாமாவிடம் வைக்கோல் விலை பேச வந்த முனுசாமியைக்கூடக் கேட்டுப் பார்த்தார்கள். அவர் பொறுமையாக யோசித்தார். "எனக்கு ஒன்னும் இல்லீங்க. ஆனா உங்க யூதாஸா உக்காந்தன்னு தெரிஞ்சா எங்க கோயில்ல என் பரிவட்டம் போயிடுங்க" என்றார்.

பிறகு எல்லோரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"மாப்ள ஞாயித்துக்கெழம பெங்களூர் பஸ் ஏறிடுவாப்ல. பேரும் பின்னாலயே போயிடும்" என்றார் மாமா.

"எனக்கு அங்க கடை இருக்குதுங்க மாமா."

"கடையில யூதாஸ்னு போர்டா எழுதப் போறோம்?"

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "யூதாஸ் காலயும் ஆண்டவரு கழுவித்தான வுட்டாரு. அவரே வித்தியாசம் பாக்கல."

"அவரு மூணு நாள்ல எந்திரிச்சிப் போயிட்டாரு. ஊர்ல குடியிருக்கறது நாம" என்றார் மாமா.

சாயங்காலம் சாமியாரிடம் போனோம். பொங்கல் கழிந்து வந்த புதுச் சாமியார், தெற்கத்தி ஆள். அவருக்கு இந்தப் பெயர் விவகாரம் எதுவும் தெரியாது. ஒருத்தர் வர முடியாது என்று மட்டும் மரியசூசை மென்று விழுங்கிச் சொன்னார். ஒருத்தர் இல்லாவிட்டால் இன்னொருத்தரை உட்கார வையுங்கள் என்றார் சாமியார். எல்லோரும் மேலே பார்த்தார்கள். டீக்கடைக்காரன் வாய் சும்மா இருக்குமா? "அது யூதாஸ் நாற்காலிங்க சாமி" என்று முழுக் கதையையும் கொட்டிவிட்டேன். லூர்துவைப் பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போனது வரை சொன்னேன். மாமா என் காலை மிதித்தார். எவ்வளவு சுத்தமான கால் அது என்று அப்போதும் நினைத்துக்கொண்டேன்.

சாமியார் குனிந்து எங்கள் கால்களைப் பார்த்தார். பிறகு, "பன்னிரண்டையும் போட்டு வையுங்க. அந்த ஒன்னுக்கு ஆளை நான் பாத்துக்கிறேன்" என்றார். எல்லோரும் நிம்மதியாகத் திரும்பினோம். சின்னப்பனை மிரட்டி உட்கார வைத்துவிடுவார் என்று அவர்கள் நினைத்தார்கள். நான்தான் அந்த ஆளோ என்ற பயத்தில் எனக்கு அன்றைக்குக் களி இறங்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கோயில் நிரம்பிவிட்டது. பூசை தமிழுக்கு வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. சாமியார் சனங்களைப் பார்த்து நிற்பதே அந்த ஊருக்கு இன்னும் பழகவில்லை. 'உன்னதங்களிலே' கீதம் பாடும்போது சின்னப்பன் மணியை அடித்து நிறுத்தினார். இனி ஞாயிறு வரை மணிக்கு வாய் கிடையாது. அவர் கயிற்றை விட்டுவிட்டுத் தாழ்வாரத்து வாசலில் போய் நின்றார். வெள்ளிக்கிழமைச் சிலுவையை நட அன்று முழுக்கக் குழி எடுத்திருந்தார். முழங்கால் வரை செம்மண். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

பிரசங்கம் முடிந்ததும் பதினொரு பேரும் போய் உட்கார்ந்தார்கள். மாமா பெங்களூர் நாற்காலியில், கைகளை மடியில் வைத்து, நோயாளி மாதிரி. மரியசூசை கண்ணை எடுக்காமல் அந்தக் கைகளையே காவல் காத்தார்.

சாமியார் மேலுடையைக் கழற்றினார். துண்டை எடுத்தார். இடுப்பில் கட்டவில்லை. நேராக நடந்து பன்னிரண்டாம் நாற்காலியில் போய் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் துண்டை மடியில் போட்டுக்கொண்டார்.

"யூதாஸ் வந்தாச்சு" என்றார். "ஆனா இப்ப கழுவ ஆள் இல்லை. உங்களில் யார் பெரியவர்? அவர் வந்து கழுவட்டும்."

கிறிஸ்துமஸிலிருந்து தவக்காலம் வரை தீராத கேள்வி அது. மரியசூசை ஒரு நொடியில் தீர்த்தார்.

"சவரிமுத்துதானுங்க சாமி. இராயப்பர் நாற்காலி அவருதுதான். ஊரே ஒத்துக்கிட்டது."

"ஆமாங்க சாமி" என்றார்கள் மற்ற ஒன்பது பேரும், ஒரே குரலில். அந்த ஊரில் அப்படியொரு ஒற்றுமையை அக்கா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்ததில்லையாம்.

மாமா எழுந்தார். என்ன செய்வார், பெரியவர் ஆயிற்றே. துண்டை வாங்கிக் கட்டிக்கொண்டார். பித்தளைத் தாம்பாளத்தை நகர்த்தி மரியசூசையின் முன்னால் மண்டியிட்டார். மரியசூசை காலை நீட்டிய தோரணையில் ஒரு ஜமீன் தெரிந்தது. தூண் முன்வரிசைக்கு அருகில்தான் இருந்தது. அதனால் எனக்குக் காது கேட்டது.

"விரலிடுக்குல நல்லாக் கழுவு."

"அடுத்த வருசமும் ஒரு வியாழக்கெழம வருதுடா."

பத்துப் பேர் முடிந்தது. தாம்பாளத்தில் தண்ணீர் குடிக்கலாம் போலத் தெளிவாக இருந்தது. சாமியார் பாதங்களையும் கழுவித் துடைத்துவிட்டு மாமா நிமிர்ந்தார். முடிந்தது என்று நினைத்திருக்கிறார்.

"பதினொன்னுதான் ஆச்சு" என்றார் சாமியார். "உங்க நாற்காலி காலியா இருக்கு. யாரையாவது உட்கார வையுங்க."

மாமா கூட்டத்தைப் பார்த்தார். அப்போது ஓடிய கணக்கு என்று என்னிடம் பிறகு சொன்னது இது. தம்பியை உட்கார வைத்தால் தம்பி மகன் நாளைக்கு உரிமை கேட்பான். மரியசூசை பக்கத்தில் யாரை வைத்தாலும் நாற்காலி கைமாறிவிடும். உட்கார்ந்தவன் மறுவருஷம் வந்து என் நாற்காலி என்று சொல்லக் கூடாது. அப்படிப்பட்ட ஆள் ஊரில் ஒருவர்தான். மாமா செய்தது புண்ணியக் கணக்கா, அரசியல் கணக்கா என்று என்னைக் கேட்காதீர்கள். ஆண்டவர் இரண்டாவதையும் தள்ளுபடி செய்வதில்லை போலிருக்கிறது.

"ஏப்பா சின்னப்பா, வந்து உக்காரு" என்றார்.

சின்னப்பன் நகரவில்லை. பெண்கள் பக்கம் தாழ்வாரத்தில் லூர்து முழங்காலில் எழுந்து நின்றாள்.

"அது யாரு நாற்காலிங்க?" என்று கேட்டார் சின்னப்பன். தெரியாமல் கேட்கவில்லை. எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்.

மாமா இடுப்புத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "இராயப்பர் நாற்காலி" என்றார்.

சின்னப்பன் தாழ்வாரத்தைத் தாண்டி நடுக்கோயிலுக்குள் வந்தார். சுண்ணாம்புத் தரையில் அடிக்கு அடி செம்மண் பதிந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, சுருண்ட கைகள் இரண்டின் மேலும் தம் கைகளை வைத்துக்கொண்டார். வேப்ப மரத்தடித் தீர்ப்பை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. மரியசூசை வாயைத் திறந்தார், சாமியார் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

மாமா தண்ணீர் ஊற்றினார். தாம்பாளம் சிவந்தது. ஊற்ற ஊற்றச் சிவந்துகொண்டே இருந்தது. குடம் தீர்ந்து அக்கா இன்னொரு குடம் கொண்டுவந்து வைத்தாள். காலைத் தொட்டுக் கையை எடுத்தால் போதும் என்ற மாதிரி மற்றவர்களுக்குச் செய்தது இங்கே பலிக்கவில்லை. மாமா நகக்கண்ணில் புகுந்த மண்ணைத் தம் நகத்தால் எடுத்தார். வெடித்த குதிகாலைக் கையில் ஏந்திக் கழுவினார். அன்று அந்தக் கோயிலில் கழுவப்பட்ட கால்கள் உண்மையில் அவை இரண்டுதான். மாமாவின் நெற்றி வேர்வை தாம்பாளத்தில் சொட்டியது.

"அந்தக் கால இப்புடி வைங்க" என்றார்.

வைங்க என்றார். சற்றுமுன் சாமியார் காலைக் கழுவிய பழக்கத்தில் வந்ததா, மறந்துபோய் வந்ததா தெரியாது. மண்டியிட்டுக் குனிந்திருக்கும்போது வாயில் வேறு மாதிரி வராது என்று நினைக்கிறேன். சின்னப்பன் காலை மாற்றி வைத்தார். அவர் கண் மகள் இருந்த பக்கம் போய் வந்தது.

வெள்ளிக்கிழமை கஞ்சி ஊற்றுகிற இடத்தில் மறுபடியும் பஞ்சாயத்து. ஊர் மாறிவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு போனேன். மரியசூசை பேசிக்கொண்டிருந்தார். "கழுவறதுதான் மொத மரியாதன்னு இப்பத்தான் தெரியுது. சாமியாரே சொல்லிட்டாரு, பெரியவன்தான் கழுவோணும்னு. சவரிமுத்து ஒரு தடவ கழுவிட்டான். அடுத்த வருசம் எங்க வூட்டு மொற."

மாமா கஞ்சிக் கலயத்தை வைத்துவிட்டு, அது எப்படி என்று எழுந்தார். நாற்காலிச் சண்டை தீர்ந்து தாம்பாளச் சண்டை பிறந்துவிட்டது. கலயத்தோடு நின்ற முனுசாமி, "கால் கழுவ அடிச்சிக்கறது பரவால்லீங்க. தேர் நிக்காது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்கா என்கிற ஈஸ்டர் பூசை முடிந்து பஸ்ஸுக்கு வந்தேன். நாற்காலி கோயிலிலேயே இருந்தது. மாமா வீட்டுக்கு எடுத்துவந்தால் மரியசூசையிடம் தோற்றதாகும், சின்னப்பன் குடிசைக்குள் அது நுழையாது. பெட்டிக் கடையில் லூர்து விளக்கெண்ணெய் வாங்க நின்றாள். அரூர்ப் பஸ்ஸிலிருந்து சேலை மூட்டையோடு ஒரு வியாபாரி இறங்கி, மணி அடிக்கிற சின்னப்பன் வீட்டில் சேலை கேட்டிருந்தார்கள், வீடு எது என்று கடைக்காரரைக் கேட்டார்.

"யூதா..." என்று தொடங்கினார் கடைக்காரர்.

லூர்து எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டவும் இல்லை, பின்வாங்கவும் இல்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "சின்னப்பன் வூடுங்க. கோயிலுக்குப் பின்னால."

பிறகுதான் அவள் கிண்ணத்தை நீட்டினாள். நான் சும்மா இருக்க மாட்டாமல், "இனி இராயப்பர் வூடுன்னே சொல்லலாமேம்மா" என்றேன்.

"வேணாங்க. சின்னப்பன் வூடுன்னா போதும்" என்றவள், வியாபாரியிடம், "நான் அங்கதான் போறன், வாங்க" என்று முன்னால் நடந்தாள்.

பஸ்ஸில் இடமில்லை. எல்லைவரை நின்றுகொண்டே வந்தேன்.